தன்மதிப்புக் குறைவுக்கு ஆன்லைன் சிபிடி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

எண்ணத்தையும் நடத்தையையும் கவனித்து, சோதித்து, மாற்றிப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைச் சுருக்கமாக சிபிடி என்பார்கள். இப்போது அதைப் போனிலும் லேப்டாப்பிலும் எடுத்துக்கொள்கிறவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நிறையப் பேர். பாதியில் நின்றுபோனவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பயிற்சி எழுதிய நோட்டைப் புரட்டுவது என் வேலையின் ஒரு பகுதி. பெரும்பாலும் பயிற்சி கடினமாக இருந்ததால் அவர்கள் நிற்கவில்லை, வரிசை மாறியதால் நின்றிருக்கிறார்கள். கடைசிப் படியான 'நான் மதிப்புள்ளவள்' என்பதை முதல் நாளே கண்ணாடி முன்னால் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் குரல் 'சும்மா இரு' என்கிறது, மூன்றாம் நாள் நோட்டு மூடிவிடுகிறது.

கீழே இருக்கும் வரிசையில் போனால் மூன்று மாதம் வரை ஆகலாம். தினமும் அரை மணி நேரம் போதும். ஒரே நாளில் மூன்று படி தாண்டுவதால் எந்த லாபமும் இல்லை.

1. இது இப்போது உங்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

தன்மதிப்புக் குறைவும் மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்தே வரும். மனச்சோர்வு அதிகமாக இருக்கும்போது நோட்டு எழுதவே தெம்பு இருக்காது. அதையும் சோம்பேறித்தனம் என்று எண்ணி இன்னும் திட்டிக்கொள்வீர்கள். அதனால் முதலில், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளைப் போடுங்கள். தமிழிலும் கிடைக்கிறது. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மருத்துவரையோ மனநல நிபுணரையோ பார்த்துவிட்டு, அவர் சொல்வதோடு சேர்த்து இதைச் செய்யுங்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நன்றாக இருக்கும் அல்லது என்னை நானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், இதற்கு மட்டும் 0 இல்லையென்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உடனடி ஆபத்து என்றால் 108. நேரில் போக வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் ஒருவர் தினமும் அடிக்கிறார், அல்லது வேலையிடத்தில் சாதியைச் சொல்லி இளக்காரம் செய்கிறார்கள் என்றால், அது உங்கள் சிந்தனையில் இருக்கும் பிழை இல்லை. 'அவர்கள் அப்படிப் பேசுவதை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன்' என்று நோட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டு அதே இடத்தில் இருப்பதற்கு சிபிடி கருவியாகிவிடக் கூடாது. பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. முதலில் பாதுகாப்பு, நோட்டு பிறகு.

2. தொடங்கும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, இயர்போன், பூட்டு போட்ட போன். ஆப்பிலேயே எழுதலாம்தான். ஆனால் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது இந்தச் சிகிச்சையில் பாதி வேலை, அது தாளில் எளிது. அட்டையில் 'கணக்கு' என்றோ வேறு எதுவோ எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது படிப்பார்கள் என்ற பயம் இருந்தால் உண்மையான எண்ணம் நோட்டுக்கு வராது, ஒழுங்கான எண்ணம்தான் வரும்.

இடம்தான் நம் பக்கத்தில் பெரிய சிக்கல். கூட்டுக் குடும்பத்தில் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசினால் 'யார்கிட்ட கண்ணு இத்தன நேரம்?' என்று அமுச்சி (பாட்டி) வந்து நிற்பார். மொட்டை மாடி, தோட்டத்து மோட்டார் ரூம், நிறுத்திய கார் என்று ஆளுக்கு ஓரிடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். நேரத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 'சும்மா இருக்கும்போது' என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது.

பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம், நோட்டு உங்கள் பேச்சிலேயே இருக்கட்டும். 'எனக்குத் திறமை குறைவு என்று தோன்றியது' என்று எழுதுகிறவருக்கு ஒன்றும் நடப்பதில்லை. மண்டைக்குள் ஓடியது 'நீயெல்லாம் எதுக்குடி லாயக்கு' என்றால் அதை அப்படியே எழுதுங்கள். அந்த வரிதான் வலித்தது, வேலை செய்ய வேண்டியதும் அதன் மேல்தான்.

3. மூன்று வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வகை, நீங்களே படித்துச் செய்வது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் அரசு மையமான சென்டர் ஃபார் கிளினிக்கல் இன்டர்வென்ஷன்ஸ், தன்மதிப்புக்கென்றே 9 பாடங்கள் கொண்ட பயிற்சித் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எளிய ஆங்கிலம், பிடிஎஃப் வடிவம். காசு செலவில்லாமல் தொடங்க இதைத்தான் சொல்வேன்.

இரண்டாம் வகை, பாடம் இணையத்தில் இருக்கும், வாரம் ஒருமுறை ஒருவர் உங்கள் பதிவைப் பார்த்துப் பதில் எழுதுவார் அல்லது போனில் பேசுவார். தனியாகச் செய்பவர்களைவிட இப்படித் துணையோடு செய்பவர்கள் பாதியில் விடுவது குறைவு, பலனும் பொதுவாக அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. துணைக்கு வருகிறவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. வாரா வாரம் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மூன்றாம் வகை, வீடியோ காலில் நேரடியாக ஒரு நிபுணர். பணம் அதிகமாகும். ஆனால் சின்ன வயதில் நடந்த கொடுமையோடு கட்டுண்ட பிரச்சினை என்றால் இதுதான் சரி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் ஆர்சிஐ பதிவெண் கேளுங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமம் தரும் எண் அது, அவர்களுடைய இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம் ஒரு கேள்வி: 'வாரா வாரம் வீட்டுப்பாடம் தருவீங்களா?' இல்லை, சும்மா மனசு விட்டுப் பேசலாம் என்று பதில் வந்தால் அது நல்ல ஆலோசனையாக இருக்கலாம், சிபிடி இல்லை.

முதல் அழைப்பில் நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவர் கேட்பார். பலர் இதற்கே மிரண்டு, வீட்டுக்குச் சொல்லிவிடுவாரோ என்று லைனை வெட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் தூரத்தில் இருக்கும் அவரால் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதால்தான் கேட்கிறார்.

சாட்பாட் பற்றி ஒரு வார்த்தை. எண்ணத்தைப் பதிவு செய்ய, நினைவூட்ட அது பயன்படும். ஆனால் 'நான் அவ்வளவு மோசமா?' என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதனிடம் கேட்டு, 'இல்லை, நீங்கள் அருமையானவர்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு தூங்குவது சிகிச்சை இல்லை. ஆறுதல் காலையில் தீர்ந்துவிடும், மறுபடி கேட்கத் தோன்றும்.

4. தொடக்க அளவை எடுங்கள்

தன்மதிப்பை அளக்க ரோசன்பர்க் அளவுகோல் என்று ஒன்று 1965 முதல் இருக்கிறது. 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தேர்வுகள் (0 முதல் 3 வரை), மொத்தம் 30. 15க்குக் கீழே வந்தால் தன்மதிப்பு குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். தாளின் மூலையில் தேதியோடு குறித்துவையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பத்தில் ஐந்து வாக்கியங்கள் எதிர்மறையானவை, அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் (3க்கு 0, 2க்கு 1 என்று). திருப்பாமல் கூட்டினால் நன்றாக இருப்பவருக்கும் மோசமாக இருப்பவருக்கும் 15ஐ ஒட்டியே ஏதோ ஓர் எண் வரும். 'மாற்றமே இல்லை' என்று சலித்துக்கொள்பவர்களிடம் முதலில் கூட்டலைத்தான் சரிபார்க்கச் சொல்கிறேன்.

அளவு எதற்கு? நன்றாக ஆன நாட்களை மறந்துவிடுவதே இந்தப் பிரச்சினையின் குணம். ஆறாவது வாரத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று தோன்றும்போது எண் சாட்சி சொல்லும்.

5. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பதிவு மட்டும் செய்யுங்கள்

மனம் திடீரெனச் சுருங்கும் இடங்களைப் பிடிப்பதுதான் வேலை. நான்கே விவரங்கள்: எங்கே, என்ன நடந்தது; மண்டையில் ஓடிய வரி; உடம்பில், மனதில் என்ன ஆனது, நூற்றுக்கு எவ்வளவு; உடனே என்ன செய்தீர்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண், பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். அவள் நோட்டு இப்படி இருக்கும் (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துணி):

*திங்கள், காலை மீட்டிங். லேப் டிப் அப்ரூவல் ஏன் லேட் என்று சார் கேட்டார்.*
*'வாயத் தொறந்தா தப்பாத்தான் வரும். எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு இவளுக்கு ஒன்னும் தெரியாதுன்னு.'*
*காது சூடு, வயிறு பிசைந்தது. அவமானம் 85.*
*'சாரிங் சார்' என்றேன். சாயப்பட்டறையில் லேட் என்று சொல்லவில்லை. அப்புறம் பக்கத்து சீட்டில் இருப்பவளை எல்லா மெயிலையும் பார்க்கச் சொன்னேன்.*

நான்காவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உணர்ச்சிதான் முக்கியம் என்ற நினைப்பு. உண்மையில் அடுத்த இரண்டு படிகளும் அந்த வரியில்தான் நிற்கின்றன. கூட்டத்தில் பின்னால் உட்காருவது, கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்பது, ஒறம்பரை (உறவினர்) வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவது, போட்டோவில் ஓரமாக நிற்பது, இவையெல்லாம் நான்காவது வரியில் வர வேண்டியவை.

இந்த வாரத்தில் எண்ணத்தோடு வாதாட வேண்டாம். எண்ணம் எப்படிப் பேசுகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லப்போனால் ஊருக்கெல்லாம் பொதுவான பதில்தான் வரும். அதை மனசு ஏற்காது. பதிவைச் சம்பவம் நடந்த அன்றே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் எழுதினால் நடந்தது வராது, மிச்சமிருக்கும் வருத்தம் மட்டும் வரும்.

6. பதிவிலிருந்து வட்டத்தை வரையுங்கள்

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு ஒரு தாளில் வட்டமாக எழுதுங்கள். சூழ்நிலை, அதிலிருந்து முன்கணிப்பு ('இப்படித்தான் நடக்கும்' என்ற நினைப்பு), அதனால் பயம், பயத்தால் ஒதுங்கல் அல்லது தற்காப்பு (நான்காவது வரியில் எழுதியது போல அவமானத்தைத் தவிர்க்கச் செய்வது), அதற்குப் பிறகு சுயவசை, அதனால் மனம் சோர்ந்து 'நான் இப்படித்தான்' என்ற பழைய முடிவு உறுதியாவது. அடுத்த சூழ்நிலை வரும்போது முன்கணிப்பு இன்னும் பலமாக இருக்கும்.

கவிதாவின் வட்டத்தில் பார்க்க வேண்டியது இதுதான்: சாயப்பட்டறையில் லேட் என்று அவள் சொல்லவே இல்லை. சொல்லாததால், சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை. தற்காப்பு அவளை அவமானத்திலிருந்து காப்பாற்றியதோ இல்லையோ, அவள் நம்பிக்கையைச் சோதனையிலிருந்து நன்றாகவே காப்பாற்றிவிட்டது.

இந்தப் படிக்கு ஒரு மாலை போதும். வட்டம் அழகாக வரவில்லை என்று நான்கு நாள் திருத்திக்கொண்டிருப்பவர்களும் உண்டு, அதுவும் ஒரு தற்காப்புதான்.

7. முன்கணிப்பைச் சோதித்துப் பாருங்கள்

மொத்தச் சிகிச்சையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. மூன்று நான்கு வாரம் இங்கேயே இருங்கள். சொல்லிச் சொல்லி மாறாத நம்பிக்கை, நடந்து பார்த்து மாறும்.

எழுதும் வரிசை முக்கியம். சம்பவத்துக்கு முன்பே இவற்றை எழுதுங்கள்: என்ன செய்யப் போகிறேன்; என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்; அதை எவ்வளவு நம்புகிறேன், நூற்றுக்கு; எந்தத் தற்காப்பை விடப் போகிறேன். நடந்த பிறகு: கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது என்ன, இப்போது எவ்வளவு நம்புகிறேன்.

கவிதா அடுத்த திங்கட்கிழமைக்கு எழுதியது: 'ஆர்டர் நிலவரத்தைச் சாரி சொல்லாமல் சொல்லப் போகிறேன். தடுமாறுவேன். தடுமாறினால் சார் எல்லார் முன்னாடியும் மொறைப்பார், ரெண்டு பேராவது சிரிப்பாங்க. 80. யாரிடமும் முன்கூட்டி காட்டிச் சரிபார்க்க மாட்டேன்.'

மீட்டிங்கில் நிலவரம் சொன்னாள். டெலிவரி தேதி கேட்டபோது தேதி வாயில் வரவில்லை. இரண்டு விநாடி அமைதி. 'பார்த்துட்டுச் சொல்லும்மா' என்று சொல்லிவிட்டு சார் கட்டிங் பிரிவுக்காரர் பக்கம் திரும்பிவிட்டார். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

முன்கூட்டி எழுதாமல் இருந்திருந்தால் அன்று இரவு அவள் என்ன முடிவுக்கு வந்திருப்பாள்? 'தடுமாறினேன். நினைத்தது நடந்துவிட்டது.' எழுதியிருந்ததால் முன்கணிப்பில் இரண்டு பகுதி இருந்தது தெரிகிறது. தடுமாறுவேன் என்ற பகுதி பலித்தது. தடுமாறினால் அவமானப்படுத்துவார்கள் என்ற பகுதி பலிக்கவில்லை. அவளைப் பின் வரிசையில் உட்காரவைத்தது இரண்டாவது பகுதிதான். 80 என்பது 45க்கு வந்தது. 0க்கு வராது, வர வேண்டியதும் இல்லை.

இந்தப் படியில் வழுக்கும் இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்கணிப்பு மழுப்பலாக இருப்பது. 'மோசமாகப் போகும்' என்றால் எதை வைத்துச் சரிபார்ப்பது? வேறு ஒருவர் அந்த இடத்தில் வீடியோ எடுத்தால் அதில் தெரியும்படி எழுதுங்கள்: மொறைப்பார், சிரிப்பார், பதில் சொல்லாமல் போய்விடுவார். 'மனசுக்குள் நினைப்பார்கள்' என்பது எந்த வீடியோவிலும் வராது.

தற்காப்பை ரகசியமாக வைத்துக்கொள்வது. கல்யாண வீட்டில் ஒறம்பரையோடு பேசிப் பார்ப்பேன் என்று எழுதிவிட்டு, மண்டபத்தில் அரை மணி நேரம் போனைப் பார்த்தபடி பேசினால், 'போன் இருந்ததால் தப்பித்தேன்' என்றுதான் மனசு கணக்கு வைக்கும். போனை அம்மா பையில் போட்டுவிட்டுப் போங்கள். 'ஏஞ்சாமி, இன்னும் அதே கம்பெனிதானா?' என்று மாமா கேட்டால், காரணங்களை அடுக்காமல், 'ஆமாங் மாமா, அங்கதானுங்' என்று நிறுத்திப் பாருங்கள். அவர் முகத்தில் என்ன தெரிகிறது என்று கவனித்து எழுதுங்கள். பெரும்பாலும் அவர் அடுத்த கேள்வியாக அப்பாவின் முட்டி வலியைப் பற்றிக் கேட்பார்.

முதல் நாளே மலையேறுவது. கல்லூரி ஆண்டுவிழா மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதை முதல் சோதனையாக வைக்காதீர்கள். பயத்தை 100க்கு அளந்து, 30, 40 இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஜவுளிக்கடையில் பத்துப் புடவை பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவது, வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது, கூலி பாக்கி வைத்திருப்பவரிடம் 'எப்பங் தருவீங்க?' என்று கேட்பது போன்றவை நல்ல தொடக்கம்.

சில சமயம் முன்கணிப்பு அப்படியே பலித்துவிடும். சார் உண்மையிலேயே மொறைத்துவிட்டார் என்றால்? அப்போது எழுத வேண்டிய கேள்வி: அதற்கு அடுத்த ஒரு மணி நேரம் என்ன ஆனது, நான் அதைச் சமாளித்தேனா, அவர் மற்றவர்களையும் மொறைக்கிறாரா? இதுவும் தகவல்தான். ஒரே சோதனையை வைத்து முடிவெடுக்காமல் அதே வகையில் நான்கைந்து செய்து பாருங்கள்.

8. சுயவசைக்குப் பதில் எழுதுங்கள்

இப்போதுதான் வாதம். சோதனைகளில் கிடைத்த தகவல் கையில் இருப்பதால் இனி வாதம் வெறும் பேச்சாக இருக்காது.

ஒரு வசை வரியை எடுங்கள். அதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது, இரண்டையும் எழுதுங்கள். ஆதரவுப் பக்கத்தையும் நேர்மையாக எழுத வேண்டும், இல்லையென்றால் மனசு ராத்திரி வந்து அதைத் தனியாகப் படித்துக்காட்டும். பிறகு கேளுங்கள்: இதே தப்பை உங்கள் நங்கையாளோ கூட்டாளியோ செய்திருந்தால் அவர்களிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்தப் பதிலைப் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள்.

கடைசியில் ஒரு நியாயமான வரி வர வேண்டும். 'நான் அருமையாகப் பேசுகிறேன்' என்பது நியாயமான வரி இல்லை. 'தேதி ஞாபகம் வரலை. நிலவரத்தைச் சரியாத்தான் சொன்னேன். அடுத்த வாட்டி தேதியை எழுதி எடுத்துட்டுப் போறேன்' என்பது நியாயமான வரி. படித்ததும் மனசு 'சரி' என்று சொல்ல வேண்டும், கைதட்ட வேண்டியதில்லை.

திட்டினால்தான் முன்னேறுவேன் என்று சிலர் விடாப்பிடியாக இருப்பார்கள். வாத்தியார் அடித்துத்தானே படித்தோம் என்பார்கள். சரி, அதையும் சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் வழக்கம்போலத் திட்டிக்கொண்டு வேலை, ஒரு வாரம் நியாயமான வரியோடு வேலை. எந்த வாரத்தில் அதிகம் முடிந்தது என்று நோட்டே சொல்லட்டும்.

9. நல்லதைத் தினமும் குறித்துவையுங்கள்

தினமும் மூன்று வரி. என்ன செய்தேன், அது என் எந்தக் குணத்தைக் காட்டுகிறது. 'பாட்டிக்கு மாத்திரை வாங்கிக்கொடுத்தேன்: பொறுப்பு.' அவ்வளவுதான்.

இது எளிதாகத் தோன்றும், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் கசக்கிறது. 'இதெல்லாம் ஒரு விசயமாங்க, யாரா இருந்தாலும் செய்வாங்க' என்று பேனாவை வைத்துவிடுவார்கள். நீங்கள் மாத்திரை வாங்க மறந்திருந்தால் அதைச் சின்ன விசயம் என்று விட்டிருப்பீர்களா? இரண்டு பக்கமும் ஒரே தராசு. பெரிய சாதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். மற்றவர்கள் பாராட்டியதை மட்டும் எழுதவும் வேண்டாம், பாராட்டு வராத நாளில் பக்கம் காலியாகிவிடும்.

கூடவே, வாரத்தில் இரண்டு காரியமாவது உங்களுக்குப் பிடித்ததற்காகச் செய்யுங்கள். யாருக்கும் பயன்படாத காரியமாக இருந்தால் இன்னும் நல்லது.

10. உங்களை ஓட்டும் விதிகளைக் கண்டுபிடித்துத் தளர்த்துங்கள்

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தால் ஒரே மாதிரி வரிகள் கண்ணில் படும். பெரும்பாலும் 'செய்தால்தான்', 'இல்லாவிட்டால்' என்ற மாதிரி நிபந்தனையாக இருக்கும். 'தப்பே இல்லாம செஞ்சாத்தான் மதிப்பாங்க.' 'யாருக்கும் மாட்டேன்னு சொன்னா நம்மள ஒதுக்கிருவாங்க.' நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளில் பிளஸ் டூ படித்து வந்தவர்களிடம் மார்க்கை வைத்து ஒரு விதி அடிக்கடி இருக்கும்: 'முதல் அஞ்சுக்குள்ள வரலைன்னா நான் யாருமே இல்லை.'

விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது ஒரு காலத்தில் உதவியிருக்கும். மூன்று கேள்வி கேளுங்கள்: இது எனக்கு என்ன கொடுத்தது? என்ன பறித்தது? இதைக் கொஞ்சம் தளர்த்தினால் எப்படி இருக்கும்? 'நல்லாச் செய்யணும்னு எனக்கு ஆசை. சில நாள் சுமாரா வரும், அதுக்காக என் மதிப்பு போயிராது' என்பது தளர்ந்த விதி.

எழுதியதோடு நிற்காமல், புது விதிப்படி ஒரு காரியம் செய்யுங்கள். வேண்டுமென்றே ஒரு மெயிலை ஒருமுறை மட்டும் படித்து அனுப்புங்கள். சித்தப்பா வண்டி கேட்டால், 'இன்னைக்கு எனக்கு வேணுங் சித்தப்பா' என்று சொல்லிப் பாருங்கள். முன்கணிப்பை முன்பே எழுதுவது இங்கேயும் உண்டு.

11. இப்போது அடிவாரத்து முடிவுக்கு வாருங்கள்

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கும். 'நான் லாயக்கில்லாதவன்', 'என்னை யாருக்கும் பிடிக்காது' என்று இரண்டு மூன்று சொல்லில். எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு 'அது உண்மையென்றால், அது என்னைப் பற்றி என்ன சொல்கிறது?' என்று கேட்டுக்கொண்டே போனால் அங்கே போய் நிற்பீர்கள்.

முதல் வாரமே இதைத் தோண்டினால் வெறும் வலிதான். கையில் எதிர்ச்சாட்சி ஏதும் இருக்காது. இப்போது இரண்டு மாத நோட்டு இருக்கிறது.

பழைய வாக்கியத்தை மேலே எழுதி, எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று குறியுங்கள். கீழே ஒரு மாற்று வாக்கியம். அது பழையதற்கு நேர் எதிராக இருக்கக் கூடாது. 'நான் லாயக்கில்லாதவன்' என்பதற்கு 'நான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன்' மாற்று இல்லை. 'பல வேலை எனக்கு நன்றாக வரும், சில வேலை வராது, மற்றவர்களைப் போலத்தான்' என்பது மாற்று. இதை 20 சதவீதம் நம்பினாலும் போதும், தொடங்கலாம்.

பிறகு ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் 0, மறு முனையில் 100 என்று வைத்து, தெரிந்தவர்கள் பத்துப் பேரை லாயக்கு என்ற அளவில் அதில் நிறுத்துங்கள். எதை வைத்து நிறுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள். சம்பளமா, நாணயமா, வேலைத் திறமையா? அதே அளவுகோலில் கடைசியாக உங்களை வையுங்கள். மற்றவர்களைப் பல அளவுகோலால் அளந்துவிட்டு தன்னை மட்டும் ஒரே அளவுகோலால் அளந்திருப்பது இந்தக் கோட்டில் பட்டென்று தெரியும்.

ஒரு மாதம் வாரம் ஒருமுறை சதவீதத்தைக் குறித்து வாருங்கள். பழையது மெல்ல இறங்கும், சில வாரம் ஏறவும் செய்யும்.

12. மறுபடி சரிந்தால் என்ன செய்வது என்று இப்போதே எழுதிவையுங்கள்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று விசயம் இருக்கட்டும். எந்தச் சூழ்நிலையில் சரிவேன்: முகூர்த்த சீசன், அப்ரைசல் மாதம், தம்பிக்கு வேலை கிடைத்த செய்தி என்று உங்களுக்குத் தெரிந்தவை. சரியும்போது முதலில் என்ன தெரியும்: போனை எடுக்காமல் விடுவது, தலைக்குக் குளிக்காமல் இருப்பது, 'சாரி' கூடுவது. அப்போது நோட்டில் எந்தப் பக்கத்தைத் திறப்பேன், யாரைக் கூப்பிடுவேன்.

மூன்று மாதம் முடிந்ததும் தினமும் எழுதுவதை நிறுத்திவிடலாம். வாரம் ஒருமுறை நல்லதைக் குறிப்பது, மாதம் ஒரு சோதனை, மாதம் ஒருமுறை ரோசன்பர்க் அளவு போதும். அளவு தொடர்ந்து இரண்டு முறை இறங்கினால் படி 5இலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதற்கு முன் படி 1இல் சொன்ன பிஎச்கியூ-9ஐ இன்னொரு முறை போட்டு, ஒன்பதாவது கேள்வியைப் பார்த்துவிடுங்கள்.